பாக்கெட் பால் சொதிக்கு 84,000 ரூபாய் கொடுத்த கதை: குழுவாகச் சமையல் வகுப்புப் பதிவு செய்யப்போகிறவர்கள் கவனம்

சனிக்கிழமை நடந்தது. இன்றைக்குப் புதன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டேன், இனி ஏலாது. 84,000 ரூபாய். திரும்பவும் எழுதுகிறேன், எண்பத்து நாலாயிரம்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் கதை வேறு திசைக்குப் போய்விடும், காசும் வராது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் ஒரு சின்ன விடுதி, அதற்கு ஒரு முகநூல் பக்கம், பக்கத்தில் மண்சட்டியும் வாழையிலையுமாகப் படங்கள், "எங்கள் வீட்டுச் சமையலை நீங்களே சமையுங்கள்" என்று ஒரு வரி. இவ்வளவு போதும்.

கனடாவிலிருந்து சித்தி குடும்பமும் மச்சாள் குடும்பமும் வந்து நிற்கிறார்கள். எங்கள் ஆட்களோடு சேர்த்துப் பதினாலு பேர். கோணேஸ்வரம் போயாயிற்று, கோட்டைக்குள் மான்களோடு படம் எடுத்தாயிற்று, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றியாயிற்று. ஒரு நாள் இரவு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சாளின் மூத்தவள், பதினாறு வயது, "அம்மம்மா, இந்தச் சொதிய எனக்குக் காட்டித் தாங்கோ" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான். எங்கள் குசினியில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எங்காவது ஒரு நாள் முழுவதும் எங்களுக்கு மட்டும் என்று ஒரு வகுப்பு ஒழுங்கு செய்யலாமே என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. வேறு யாருடைய யோசனையாக இருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது.

மூன்று இடத்தில் கேட்டேன். ஓரிடம் பதிலே இல்லை. இன்னொருவர் எட்டுப் பேருக்கு மேல் எடுக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு அடுப்புத்தான் இருக்கிறது, ஒரு அடுப்புக்கு நாலு பேர், அதற்கு மேல் நிற்கிறவர்கள் பார்க்கத்தான் முடியும், சமைக்க முடியாது என்றார். இரண்டு நாளாகப் பிரித்து வாருங்கள் என்றார். அந்த மனிதனைத்தான் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு அது தலைக்கனமாகப் பட்டது.

மூன்றாவது இடம் இது. "எத்தின பேர் எண்டாலும் பிரச்சின இல்ல அக்கா" என்று ஒரு தம்பி அஞ்சு நிமிஷத்தில் பதில் போட்டான். மற்ற ஆட்களோடு சேர்ந்து என்றால் தலைக்கு 5,000, தனி வகுப்பு என்றால் 6,000. தனி என்றால் தனிதான், வேறு ஒருத்தரையும் சேர்க்கமாட்டோம் என்று எழுத்திலேயே இருக்கிறது, இன்னும் என் போனில் கிடக்கிறது. பதினாலு பேருக்கு 84,000. சமையல்: இடியப்பம், சொதி, முருங்கையிலை போட்ட நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், பருப்பு, தேங்காய்ச் சம்பல். மச்சாளின் இளையவனுக்கு நண்டும் இறாலும் ஆகாது, சாப்பிட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அவனுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை வேண்டும் என்று இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அப்போதும் நான் காசு போடவில்லை. அவ்வளவு மடைச்சி இல்லை. சொல்லிக்கொடுக்கிற ஆளோடு கதைக்க வேண்டும் என்றேன். பின்னேரம் ஒரு அம்மா எடுத்தா. நல்ல வயசான குரல், பின்னால் கோழி கத்துகிறது, யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். சும்மா ஆழம் பார்க்கத்தான், சொதி எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். அவ அவசரப்படவில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், றம்பை, கறிவேப்பிலை எல்லாம் கடைசிப் பாலில் அவிய வேண்டும் என்று தொடங்கி, பிறகு சொன்னா: "முதல்பால் விட்டாப் பிறகு கொதிக்க விடக்கூடாது பிள்ள. ஓரத்தில நுரை கட்டேக்கையே இறக்கிப்போடோணும். இல்லாட்டித் திரைஞ்சு போகும். தேசிக்காய் அடுப்பால இறக்கின பிறகுதான்."

இது எங்கள் அம்மா சொல்கிற அதே வசனம். நுரை கட்டேக்கையே என்ற அந்தச் சொல் உட்பட. நான் விழுந்த இடம் அதுதான். சொதியை இப்படிச் சொல்கிற மனுஷி ஏமாற்றமாட்டா என்று நினைத்தேன். அவ ஏமாற்றவில்லையோ என்னவோ, அந்த அம்மாவை நான் கண்ணாலேயே காணவில்லை.

நண்டும் கணவாயும் விடிய மீன்வாடிக்கு ஆள் அனுப்பித்தான் வாங்க வேண்டும், அதனால் முழுக்காசும் முன்னுக்கு என்றான் தம்பி. நியாயமாகத்தான் பட்டது. வங்கிக் கணக்கு விடுதியின் பெயரில் இல்லை, யாரோ ஒருவரின் சொந்தப் பெயரில். "அது என்ர மச்சான்ட கணக்கு, வேற பிரச்சின இல்ல." சரி என்று அன்றைக்கு இரவே 84,000 போட்டேன். ஒரு சிவப்பு இதயம் வந்தது. பற்றுச்சீட்டு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வான் பிடித்துப் போனோம். அங்கே ஏற்கெனவே வெள்ளைக்காரர் ஒன்பது பேர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு காஸ் அடுப்பு, அதில் ஒன்று பற்றவில்லை. இருபத்து மூன்று பேர், ஒரு அடுப்பு. அந்த அம்மா எங்கே என்று கேட்டால் காய்ச்சலாம். தம்பியே சொல்லிக்கொடுத்தான், இங்கிலீஷில், அவர்களைப் பார்த்து. எங்கள் சித்தி பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி எனக்குத்தான் மொழிபெயர்க்கச் சொன்னா, அந்த வெட்கத்தை எங்கே வைக்க?

பிறகு அந்தக் காட்சி. தம்பி ஒரு அலுமினியச் சட்டியில் சுடுதண்ணீர் எடுத்தான். மேசைக்குக் கீழே இருந்து தேங்காய்ப்பால் மா பாக்கெட் இரண்டை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, கொட்டிக் கலக்கினான். கட்டி கட்டியாக மிதந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் சட்டியின் விளிம்பில் வைத்து நசித்தான். முதல்பாலும் இல்லை, கடைசிப் பாலும் இல்லை. அதைச் சட்டியில் ஊற்றிவிட்டு மூடி போட்டுக் கொதிக்க விட்டான், தளதளவென்று. மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேங்காய் விளைகிற ஊர், இரண்டு வீடு தள்ளி மரம் நிற்கிறது.

இடியப்பம் பிழிய ஒரே ஒரு உரல். எங்கள் பிள்ளைகளில் மூன்று பேருக்குத்தான் கைபட்டது, ஆளுக்கு ஒரு தட்டு. சாப்பாட்டு நேரம் பெட்டி பெட்டியாக இடியப்பம் வந்தது, லஞ்ச் ஷீட்டில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டபடி, கடையில் வாங்கியது. ரப்பர் பேண்டையாவது கழற்றிவிட்டுக் கொண்டுவந்திருக்கலாம். நண்டு இல்லை. கணவாய் ஆளுக்கு மூன்று துண்டு. ஏன் நண்டு இல்லை என்றதற்கு "கடல் ரஃப் அக்கா, போட் போகேல்ல" என்றான். இது கச்சான் காற்றுக் காலம், எங்கள் பக்கத்துக் கரைக்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மாரியில் வந்து இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உவர்மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அதுவும் ஜன்னலால் கடல் தெரியத் தெரிய.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். சம்பலில் கூனி போட்டிருந்தார்கள். சின்னவன் கையில் இடியப்பத்தைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் சித்திக்கு மணம் பிடிபட்டு, கையைத் தட்டிவிட்டா. கூனியும் இறால்தானே தம்பி என்று கேட்டால், "அது சின்னது அக்கா" என்கிறான்.

அங்கேயே சண்டை பிடிக்காமல் வந்ததற்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. ஞாயிறு காலை எழுதினேன்: முழு 84,000-உம் வேண்டாம், பாதியைத் தாருங்கள். நீலக் கோடு இரண்டும் விழுந்தது, பதில் இல்லை. பின்னேரம் போன் எடுத்தால் "மனேஜரோட கதைச்சிட்டுச் சொல்லுறன்." திங்கள் மனேஜர் கொழும்பில். செவ்வாய் ஒரு மனேஜர் வந்தார், குரலைக் கேட்டால் அதே தம்பி, கொஞ்சம் தடிப்பாக. "நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்கதானே மிஸ்?" என்றார். அக்காவாக இருந்தவள் மிஸ் ஆகிவிட்டேன். சரி, தனி வகுப்புக்கு என்று தலைக்கு ஆயிரம் கூட எடுத்தீர்களே, அந்த 14,000-ஐயாவது தாருங்கள் என்று கேட்டேன். மற்ற ஆட்கள் முன்னுக்கு நிற்க, நீங்கள் பின்னுக்குத் தனியாகத்தான் நின்றீர்கள் என்றார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. கடைசியில், அடுத்த முறை வந்தால் 10 வீதம் கழிவாம். பிள்ளைகள் வருகிற கிழமை விமானம் ஏறுகிறார்கள்.

1977-க்கு எடுத்தேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். பற்றுச்சீட்டு இல்லாததால் வங்கிச் சிலிப்பையும் வட்ஸ்அப் உரையாடலையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கச்சேரிப் பக்கம், அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முழுக்காசு முன்னுக்குப் போடாதீர்கள், கால்வாசி போதும், மிச்சம் சட்டி அடுப்பில் ஏறின பிறகு. சொந்தப் பெயரில் கணக்குத் தந்தால் விடுங்கள். ஒரு தரம் நேரில் போய் அடுப்பை எண்ணிப் பாருங்கள், பற்றவைத்தும் பாருங்கள், எனக்கு அது பத்து நிமிஷப் பயணம், போகவில்லை. யார் சொல்லிக்கொடுப்பார், அவருக்குச் சுகமில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத சாப்பாடு உள்ள பிள்ளை இருந்தால் ஒவ்வொரு சட்டியையும் நீங்களே மணந்து பாருங்கள், கட்டை விரலை நம்பாதீர்கள்.

தம்பி இன்று காலை, "ஒன்றரைக்கு மனேஜர் எடுப்பார், இண்டைக்கு முடிச்சுத் தாறம்" என்று எழுதியிருந்தான். இப்போது மூன்றேகால்.