கல்லூரி நல அலுவலகமா, வெளியே உள்ள உதவி அமைப்பா?

அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே திண்டாடும் மாணவர் முதலில் எங்கே போவது? கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்துக்கா, ஊரில் இயங்கும் உதவி அமைப்புக்கா?

கட்டணம் சம்பந்தப்பட்டது என்றால் கல்லூரிதான் என்பேன். தவணை நீட்டிப்பு, விடுதி பாக்கி, தேர்வு எழுத விடாமல் தடுக்கும் நிலுவை ஆகியவற்றை வெளியாட்களால் தீர்க்க முடியாது. அவசர நிதி இருந்தால் அதற்கும் இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் விடுமுறையில் அலுவலகம் பூட்டிக் கிடக்கலாம். படிப்பை இடையில் நிறுத்தியவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

வெளி அமைப்புகள் அங்கேதான் கைகொடுக்கின்றன. உணவு வங்கி, தற்காலிகத் தங்குமிடம், இலவசச் சட்ட உதவி, மனநல ஆலோசனை என்று பரப்பு பெரிது. வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டு, பேராசிரியர் காதுக்கு அது எட்டவே கூடாது என்று தவிப்பவர்களுக்கும் இதுவே நிம்மதி. சிக்கல் என்னவென்றால், ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு விதி. முகவரிச் சான்று, வருமானச் சான்று கேட்பார்கள். முழுநேர மாணவர் என்றதும் சில திட்டங்களில் கையை விரித்துவிடுவார்கள். அதனால் போன் செய்து, ‘என்னென்ன கொண்டுவர வேண்டும், இன்றே கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே போனால் அலைச்சல் குறையும். இரவு தங்க இடமே இல்லை என்றால் மட்டும் இந்த வரிசையைப் பார்க்காதீர்கள். நேரே தங்குமிடத்துக்குப் பேசுங்கள். கடிதத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.