ரஷ்யப் பயணத்துக்கு முன் கற்றவற்றில் இன்றும் கைகொடுப்பது எது?

ரஷ்யாவுக்குப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, பேசுவதற்கு நாலு வாக்கியம். அதைத் தருவதற்கு முன், 33 எழுத்துகளையும் படித்துவிட்டு வாருங்கள் என்கிறேன். முதல் பயணத்துக்கு முன் நான் இரண்டையும் கற்றேன். ஆண்டுகள் சில போன பிறகு வாக்கியங்களில் பாதி மறந்துவிட்டது. எழுத்து மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை.

ரஷ்ய மொழியின் எழுத்துமுறையான சிரிலிக்கில் தொல்லை தருபவை புது வடிவங்கள் அல்ல, தெரிந்த முகத்தோடு வருபவைதான். ஆங்கில எச் வடிவத்தை அங்கே 'ந' என்று படிக்க வேண்டும், சி வடிவத்தை 'ஸ' என்று. 'பென்' என்று எழுதும்போது வரும் முதல் எழுத்து அங்கே 'ர'. அதனால் உணவகத்தைக் குறிக்கும் ரெஸ்தரான் என்ற பலகை, ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு 'பெக்டோபா' என்று தெரியும். இந்த ஏமாற்றுக்கார எழுத்துகளை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு மெட்ரோ, தக்ஸி, கஃபே, பாங்க், பாஸ்பர்த் போன்ற தெரிந்த சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தால் மீதி தானாகப் படியும். ஒரு வாரம் மாலை நேரங்களை ஒதுக்கினால் போதும்.

மாஸ்கோ மெட்ரோவில் இப்போது லத்தீன் எழுத்திலும் பெயர்கள் உண்டு. ஆனாலும் எழுத்து தெரிந்தவருக்குக் கிடைக்கும் நிதானம் வேறு. அங்கே ஒன்றோடொன்று இணைந்த நிலையங்களுக்குக்கூடத் தனித்தனிப் பெயர். அஹோத்னி ரியாத், தியத்ரால்நயா, ப்ளோஷத் ரிவல்யூத்ஸீ மூன்றும் சுரங்கப் பாதைகளால் இணைந்தவை. 'வீஹத்' என்றால் வெளியே போகும் வழி, 'பிரிஹோத்' என்றால் அடுத்த தடத்துக்கு மாறும் வழி. நகரின் மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரலும், மையத்தை விட்டு விலகும் ரயிலில் பெண் குரலும் அறிவிப்பதைக் கவனித்தால் எதிர்த்திசையில் ஏற மாட்டீர்கள். எழுத்தின் அருமை முழுதாகத் தெரிவது பெருநகரத்தைத் தாண்டிய பிறகு: புறநகர் ரயில் அட்டவணை, 'அப்த்யேகா' என்ற மருந்துக்கடை, கதவில் தள்ளு இழு என்ற அறிவிப்பு, கழிப்பறை வாசலில் தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து. இங்கெல்லாம் ஆங்கிலத்தை எதிர்பார்க்க முடியாது.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 2025 முதல் பல ஊர்களில் மொபைல் இணையத்தை அவ்வப்போது நிறுத்திவிடுகிறார்கள். எழுத்து படிக்கத் தெரிந்தால் அந்த நேரத்திலும் நடை நிற்காது.

வாக்கியங்களில் 'ஸ்பசீபா', 'இஸ்வினீத்யே', 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே' மூன்றும் எங்கும் பயன்பட்டன. நன்றி, மன்னிக்கவும், வணக்கம். கடைக்காரரின் முகம் இளகுவது கண்கூடு. 'எங்கே இருக்கிறது' என்று கேட்பது மட்டும் அவ்வளவாக உதவவில்லை. நன்றாகக் கேட்டால் பதில் வேகமாகக் கொட்டும், அதைப் பிடிக்க முடியாது. அந்த நேரத்தை எண்களுக்குக் கொடுங்கள். 2022 மார்ச் முதல் நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது, ரொக்கம்தான். 'பித்நாத்சத்' என்றால் 15, 'பிதிஸ்யாத்' என்றால் 50. சந்தையில் காது அதைப் பிரித்தறிய வேண்டும்.

தமிழருக்கு இந்த மொழியில் ஒரு சொந்தம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 'நான் ஆசிரியர்' என்பதற்கு 'யா உச்சீதில்' போதும். நடுவில் எதுவும் வேண்டாம். 'என்னிடம் இருக்கிறது' என்ற நம் அமைப்பே அவர்களுக்கும். நீ, நீங்கள் வேறுபாடும் அப்படியே; தெரியாதவரிடம் 'வீ' என்றே பேச வேண்டும். ஆங்கிலேயர்கள் திணறும் 'ы' என்ற உயிரொலி நமக்குப் பாதி தெரிந்ததுதான். 'பத்து', 'காசு' என்று பேசும்போது இதழ் குவியாமல் முடிக்கும் உகரத்தில் நாக்கைச் சற்று முன்னே தள்ளுங்கள், வந்துவிடும்.

ஆனால் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் குறிப்பேடுகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வல்லினத்தின் இரண்டு ஒலிகளை ('கடல்' என்பதில் வரும் க, 'தங்கம்' என்பதில் வரும் க) ரஷ்ய மொழி கண்டிப்பாகப் பிரிக்கிறது. நம் எழுத்தில் அது தெரியாது. அழுத்தம் விழாத 'ஒ' அங்கே 'அ' ஆகிவிடும்: எழுதுவது மோஸ்க்வா, சொல்வது மஸ்க்வா. மேலே நான் எழுதியிருப்பவையும் தோராயமானவையே. ஒலிப்பதிவைக் கேட்டு, சிரிலிக்கிலேயே எழுதிப் பழகுங்கள்.

அச்செழுத்து வசமானவர்கள் அடுத்துக் கையெழுத்தைத் தொட வேண்டும். அதில் 'த' ஆங்கில எம் போலவும், 'இ' ஆங்கில யு போலவும் மாறிவிடும். சிறு உணவகங்களில் அன்றைய உணவைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். என் இப்போதைய பயிற்சி அதில்தான்.