தூரிகைக் குவளை: ஜேடா, மூங்கிலா?

சீன அறிஞரின் மேசையில் தூரிகைகளைச் செருகி வைக்கும் குவளைக்கு 'பித்தோங்' என்று பெயர். ஜேட் என்னும் கடினமான அலங்காரக் கல்லில் செய்தாலும் மூங்கிலில் செய்தாலும் வடிவம் பெரும்பாலும் உருளைதான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் உள்ள உழைப்பு வேறு.

மூங்கிலில் பாதி வேலையை இயற்கையே முடித்துவிடுகிறது. உள்ளே வெற்றிடம், கணுவே அடிப்பாகம். மிச்சம் கத்தியின் திறமை. மிங் அரசமரபின் காலத்தில் ஷாங்காய்க்கு அருகே ஜியாதிங்கில் ஜு குடும்பத்தார் இதில் பெரும்பெயர் பெற்றார்கள்.

ஜேடில் கத்தி ஏறாது. 'செதுக்கியது' என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது தேய்த்தது. அதைவிடக் கடினமான மணலை நீரில் குழைத்து, சுழலும் கருவியால் தேய்த்துத் தேய்த்தே குவளையின் மேல் பைன் மரமும் பாறையும் பாலத்தைக் கடக்கும் முதியவரும் உருவாக வேண்டும். உள்ளே குடைவதும் அப்படித்தான். கல்லோ மேற்கே, இன்றைய சின்ஜியாங்கில் உள்ள தொலைதூரக் கோத்தனிலிருந்து வர வேண்டும். 1759இல் சீனாவை ஆண்ட சிங் அரசமரபின் படைகள் அப்பகுதியைக் கைப்பற்றிய பிறகுதான் பெரிய கற்கள் தாராளமாகக் கிடைத்தன. அப்போது ஆண்ட சியன்லோங் பேரரசர் தன் கவிதைகளையே ஜேடில் பொறிக்க வைத்தார். (தன்னடக்கம் அவருக்குக் கொஞ்சம் தூரம்தான்.)

மூங்கில் வறண்ட காற்றில் வெடிக்கும், சரி. ஆனால் கைபடக் கைபடச் செம்பழுப்பாக மெருகேறும். பார்த்து வியக்க ஜேட். தினமும் எழுதுகிறவருக்கு என் ஓட்டு மூங்கிலுக்கே.