கில்லிங் ஃப்ளோர் 2: மெடிக்கா, கமாண்டோவா?

கில்லிங் ஃப்ளோர் 2, அணியாகச் சேர்ந்து அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ கேம். அதில் பத்து பெர்க், அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வீரர் வகைகள், இருக்கின்றன. ஆனால் எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேருபவர்கள் குழம்புவது மருந்து கொடுக்கும் மெடிக், ரைஃபிள் ஏந்தும் கமாண்டோ ஆகிய இரண்டுக்கு நடுவில்தான். கடலூரில் நாங்கள் சிலர், புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து சிலர் என்று இரவில் சேர்ந்து ஆடுவோம். நான் மெடிக்கை 25-ஆம் லெவல் வரை ஏற்றியவன், என் ஓட்டு அதற்குத்தான்.

கமாண்டோ பழகுவதற்குச் சுலபம். ரைஃபிளை எடுத்துத் தலையைக் குறிவைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஸ்டாக்கர் என்ற எதிரியை அவரால் பார்க்க முடியும், அவர் பார்த்தால் மற்றவர்களுக்கும் தெரியும். இதற்காகவே அணியில் ஒரு கமாண்டோ கட்டாயம் வேண்டும்.

சரி, லெவல் ஏறுவதைப் பார்ப்போம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான். கமாண்டோவுக்கு லெவல் ஏற்றும் புள்ளி முழுக்கச் சுடுவதிலிருந்தே வர வேண்டும். ஆறு பேர் ஆடும்போது கை தேர்ந்த இரண்டு பேர் முன்னால் நின்றால், நீங்கள் குறிவைப்பதற்குள் எதிரே வந்தது விழுந்துவிடும். குண்டு பட்டால்தான் உங்களுக்கும் பங்கு. நம் பக்கம் இரவு எட்டு மணிக்கு மேல் பிங் (இணையத் தாமதம்) ஏறிவிட்டால் அந்தப் பங்கும் குறையும்.

மெடிக்குக்கு வரவு இரண்டு வழி. மெடிக் துப்பாக்கியால் சுட்டாலும் புள்ளி, கூட்டாளிக்கு மருந்து செலுத்தினாலும் புள்ளி. அணி அடி வாங்கித் திணறும் ஆட்டத்தில்தான் மெடிக்குக்கு வேலை அதிகம், புள்ளியும் அதிகம். தோற்ற ஆட்டத்திலும் லெவல் நகரும். லெவல் ஏற ஏற ஊசி சீக்கிரம் நிரம்பும், ஓட்டமும் கூடும். ஒவ்வொரு ஐந்து லெவலுக்கும் இரண்டு திறன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஃபோகஸ் இஞ்செக்‌ஷன் எடுத்தால், மருந்து வாங்கியவரின் தாக்குதல் பலம் கொஞ்ச நேரம் கூடும். அதாவது உங்கள் கமாண்டோ நண்பரும் உங்களால் பலமாவார்.

25-இல் கிடைக்கும் ஏர்போர்ன் ஏஜென்ட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் மெதுவாகும் ஸெட் டைமில் உங்களைச் சுற்றி மருந்துப் புகை பரவும், பக்கத்தில் நிற்பவர்களுக்கு உடல்நலம் ஏறும். ஃப்ளெஷ்பவுண்ட் என்ற பெரிய எதிரி ஒன்று எங்கள் மூலைக்குள் புகுந்து எல்லோருடைய உயிர்க்கோடும் அடிமட்டத்துக்கு வந்த நேரத்தில், சரியாக ஸெட் டைம் விழுந்தது. கோடுகள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு பெர்க்கில் மனம் ஒட்டவில்லை.

ஹெல் ஆன் எர்த் என்ற உச்சக் கடின நிலையில் நான் அதிகம் ஆடியதில்லை. அங்கே பெரிய எதிரிகளைச் சீக்கிரம் வீழ்த்தும் பெர்க்தான் முதலில் தேவைப்படலாம். அப்புறம், தனியாக ஆடுபவர்கள் யோசிக்காமல் கமாண்டோவையே எடுங்கள். மருந்து கொடுக்க ஆளில்லாத இடத்தில் மெடிக்கின் பாதி வரவு போய்விடும்.

எதை எடுத்தாலும் ஒரு வசதி உண்டு. நீங்கள் எந்தப் பெர்க்கில் இருந்தாலும், சுடும் துப்பாக்கி எந்தப் பெர்க்குடையதோ அதற்குத்தான் புள்ளி சேரும். கமாண்டோவாகவே ஆடினாலும் ஆட்டத்துக்குள் ஆயுதம் விற்கும் டிரேடரிடம் ஒரு மெடிக் பிஸ்டல் வாங்கிக்கொள்ளுங்கள். சில்லறை எதிரிகளை அதனால் சுட்டு வந்தால் மெடிக் லெவலும் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்.