லிப்ரேஎன்எம்எஸ்: சுவிட்சின் நாடி பிடிக்க நல்லது, லாக் விஷயத்தில் கை வைக்க வேண்டும்

பெங்களூரு பீன்யா பக்கம் நெட்வொர்க் சுவிட்ச் ரேக் பராமரிப்பவர்களுக்குத் தெரியும்: முதலில் ஃபேனில் தூசி அடையும், பிறகு சூடு ஏறும், அதற்கப்புறம்தான் போர்ட்டுகள் விழத் தொடங்கும். அந்த முதல் இரண்டு கட்டத்திலேயே சொல்லிவிடுவதுதான் லிப்ரேஎன்எம்எஸ்ஸின் பலம். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் திறந்த மூல மென்பொருள், இலவசம். உபுண்டு சர்வரில் ஓடும். வரைபடக் கோப்புகளை ஓயாமல் எழுதும் என்பதால் எஸ்எஸ்டி போடுங்கள்.

சுவிட்சில் எஸ்என்எம்பி வி3 (கருவியின் நிலையை விசாரிக்கும் நெறிமுறை) அமைத்து, அதற்கான யூடிபி 161 போர்ட்டை இந்தச் சர்வருக்கு மட்டும் திறந்தால் வெப்பநிலை, ஃபேன், பவர் சப்ளை எல்லாம் தானாக வந்துவிடும். அலர்ட்டில் முதலில் எழுத வேண்டியது பவர் சப்ளை விதி. இரண்டு பவர் சப்ளை உள்ளதில் ஒன்று செத்தாலும் சுவிட்ச் ஓடிக்கொண்டே இருக்கும், யார் கண்ணிலும் படாது. அடுத்து கரண்ட் போய் வரும்போது மிச்சமிருப்பதும் போனால் மொத்த மாடியும் நின்றுவிடும்.

ஃபைபரில் வந்து சேரும் ஒளி அளவையும் காட்டுகிறது. 10 கிலோமீட்டர் எல்எக்ஸ் எஸ்எஃப்பிக்குப் (ஃபைபரைச் சுவிட்சில் இணைக்கும் மாட்யூல்) பொதுவாக மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் திறனைச் சொல்லும் அலகு) கீழ் எல்லை. மைனஸ் 16-இலேயே எச்சரிக்கை வையுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் முதலில் கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள், சட்டென்று இறங்கினால் கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்.பி. ரோட்டில் மாட்யூல் வாங்கும்போது டிடிஎம் (ஒளி அளவைத் தானே அளந்து சொல்லும் வசதி) உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மாட்யூலுக்கு எந்த மென்பொருளிலும் இந்த அளவு வராது.

குறை என்றால், இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறது. இடையில் விழுந்து எழுந்த போர்ட் வரைபடத்தில் தெரியாமலே போகலாம். புதிதாகச் செருகிய எஸ்எஃப்பி தெரிய 6 மணி நேரம்கூட ஆகும்; அவசரமென்றால் டிஸ்கவரியை (புதிய பாகங்களைத் தேடும் வேலை) கையால் ஓட்டிவிடுங்கள்.

அந்த இடைவெளியை நிரப்புவது சிஸ்லாக், அதாவது நடந்ததைச் சுவிட்சே உடனுக்குடன் எழுதி அனுப்பும் லாக் செய்திகள். சுவிட்சின் லாக் பஃபர் ரேமில் இருப்பதால் ரீபூட் ஆனதும் அழிந்துவிடும். வெளியே அனுப்பியே ஆக வேண்டும். இங்கே பலர் சிக்குவது ஒரே இடத்தில்: லிப்ரேஎன்எம்எஸ்ஸுக்குத் தெரியாத வேறொரு விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஐபியிலிருந்து சுவிட்ச் அனுப்பினால், அது அதை அடையாளம் காணாமல் தள்ளிவிடும். லாக் அனுப்பும் இன்டர்ஃபேஸை மேனேஜ்மென்ட் விலானுக்கு நிலையாகக் கட்டுங்கள். பயனர் போர்ட்டுகளில் லிங்க் அப்/டவுன் லாக்கை நிறுத்திவிட்டு அப்லிங்கில் (மேல் சுவிட்சுக்குப் போகும் இணைப்பு) மட்டும் வையுங்கள். லேப்டாப் கழற்றி மாட்டும் செய்திகளுக்கு நடுவே ஃபேன் பழுதுச் செய்தி புதைந்துபோகக் கூடாது.

நேரத்தையும் சரிபாருங்கள். என்டிபி (நெட்வொர்க் வழி நேர ஒத்திசைவு) இல்லாத பழைய சிஸ்கோ சுவிட்ச் ரீபூட்டுக்குப் பின் 1993 மார்ச் 1 என்று எழுதும். அந்த லாக்கை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

இயல்பு அமைப்பில் லாக் 30 நாள்தான் தங்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணையோ 180 நாள் லாக்கை இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது, என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. அதற்காக டேட்டாபேஸில் 180 நாளைத் திணிக்காதீர்கள், தேடல் மந்தமாகிவிடும். லாக்கை வாங்கும் ஆர்சிஸ்லாக் நிரலிலேயே சுவிட்ச்வாரியாக ஒரு நகல் கோப்பு எழுதவிட்டு, கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் தினமும் சுருக்கி, 180 பிரதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வேலைநாளின் சுருக்கிய கோப்புகளை எடுத்து 180-ஆல் பெருக்கினால் எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று தெரிந்துவிடும்.