சத்துவாச்சாரியின் நடைவழிகளை வரைபடத்தில் ஏற்றிய ஐந்து ஆண்டுகள்

வேலூரின் சத்துவாச்சாரிக்குக் குடிவந்த புதிதில், என் தாயார் கோயிலுக்கு நடந்து போக வழி தேடியபோதுதான், கைப்பேசி வரைபடம் வண்டியில் போகிறவர்களை மட்டுமே மனத்தில் வைத்திருப்பது எனக்கு உறைத்தது. தெருக்கோடியிலிருந்து கால்வாய்க் கரையோடு போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் ஐந்து நிமிடம். வரைபடமோ நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கச் சொன்னது. அன்று முதல், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதியின் சந்துகளையும் குறுக்குவழிகளையும் சேர்த்து வருகிறேன்.

நடக்கும்போது ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியில் ஜி.பி.எஸ். தடத்தைப் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்கு வந்து கணினியில் வரைகிறேன். ஏரிக்கரை போன்ற திறந்த வெளியில் தடம் சுத்தமாக விழுகிறது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளில் அது வீடுகளுக்குள் புகுந்து வெளியே வருவதால், ஒரே சந்தில் மூன்று நான்கு முறை நடந்து, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்ட பிறகே கோடு போடுகிறேன்.

தொடக்கத்தில் என்னை நெடுநாள் அலைக்கழித்தது ஒரு புள்ளி. கால்வாய்ப் பாதையை வரைந்து முடித்த பிறகும் செயலி பழைய சுற்றுவழியையே காட்டியது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பாதையின் முனை சாலைக் கோட்டைத் தொட்டதுபோலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லை. அந்த இணைப்பு இல்லாவிட்டால், வழி கணிக்கும் நிரலுக்கு அந்தப் பாதை சாலையிலிருந்து அறுந்து தனியே கிடப்பதாகவே பொருள். இணைத்த சில நாட்களில் வழி மாறியது. புதிதாக வரைகிறவர்கள் ஒவ்வொரு முனையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே சேமிக்க வேண்டும்.

பாதையின் தன்மையைச் சேர்ப்பதற்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி மிக உதவியாக இருக்கிறது. தரை மண்ணா சிமென்டா, விளக்கு உண்டா, படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா என்று அந்த இடத்தில் நிற்கும்போதே கேட்கிறது. தரவை முன்பே இறக்கி வைத்திருந்தால் இணையம் இல்லாமலும் பதில் சொல்லலாம். எனக்கு வரைந்த கோட்டைக் காட்டிலும் இந்தப் பதில்களே முக்கியம். "எத்தினி படி இருக்குதுன்னு சொல்லு, அப்புறம் வரேன்" என்பார் என் தாயார். முழங்கால் வலி உள்ளவருக்குப் பதினோரு படி என்ற எண்தான் வழியைத் தீர்மானிக்கிறது. ஆனால் நான் பயன்படுத்தியவரை, நிழல் உண்டா என்று அந்தச் செயலி கேட்டதில்லை. கத்திரி வெயிலில் வேலூரில் நடக்கிறவருக்கு அதைவிடத் தேவையான கேள்வி வேறில்லை. எனவே மரங்களைத் தனித்தனிப் புள்ளிகளாக நானே சேர்க்கிறேன்.

வரைந்தவை நிலைப்பதும் இல்லை. காலி மனைகளின் ஊடே மக்கள் நடந்து நடந்து உண்டான ஒரு வழியைச் சேர்த்திருந்தேன். மனைக்காரர் மதில் எழுப்பியதும் அதை நீக்கினேன். அது அவருடைய நிலம். அடைபட்ட வழியைக் காட்டும் வரைபடம் ஒருவரை இருட்டில் மதில்முன் கொண்டுபோய் நிறுத்திவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்ததைப் பார்த்த பிறகு, மணலில் இறங்கிப் போகும் தடங்களைப் பருவகாலப் பாதை என்று குறிக்காமல் சேர்ப்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும் எல்லாப் பாதைகளையும் ஒருமுறை மறுபடி நடந்து பார்க்கிறேன்.

கால்வாய்க் கரையில் கடந்த மாதம் சிமென்ட் தளம் போட்டார்கள். மண் என்று இருந்ததை மாற்றிவிட்டேன். விளக்குக் கம்பங்களும் நட்டிருக்கிறார்கள். இன்னும் மின் இணைப்பு வரவில்லை என்பதால், விளக்கு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்ற பதிலையே விட்டுவைத்திருக்கிறேன்.