புரோப்பேனுக்கு மாற்றிய பழைய ஜீப்: எட்டு ஆண்டு அனுபவம்

1984-ஆம் ஆண்டில் தயாரான என் ஜீப் சிஜே-7 வண்டியைப் பெட்ரோலிலிருந்து புரோப்பேன் என்னும் எரிவாயுவுக்கு மாற்றி எட்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. நான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் நகரில் வசிக்கிறேன். தெற்கே யூரே நகரைச் சுற்றியுள்ள சான் ஹுவான் மலைக் கணவாய்களும், மேற்கே யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைத் தடங்களும் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும். இந்த எட்டு ஆண்டுகளில் வண்டி ஏறத்தாழ 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிலோமீட்டர்க் கணக்கை விட, தாழ்ந்த கியரில் மணிக்கணக்காகப் பாறைமேல் ஊர்ந்த நேரம்தான் இத்தகைய வண்டியின் உழைப்பைச் சரியாகக் காட்டும்.

மாற்றத்துக்குக் காரணம் செலவுச் சிக்கனம் அன்று. இந்த வண்டியில் இருப்பது ஏஎம்சி 258 எனப்படும் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். அதன் இழுவிசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க அதன்மேல் அமர்ந்திருந்த கார்ட்டர் பிபிடி கார்புரேட்டரில் இருந்தது. கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியில் பெட்ரோல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நிற்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்திலோ, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து செல்லும்போதோ அந்த மட்டம் குலைந்து, ஒரு நேரம் பெட்ரோல் வழிந்து இன்ஜின் திணறும், மறு நேரம் பெட்ரோல் எட்டாமல் நின்றுவிடும். சமதளத்தில் இது எரிச்சலோடு போகும். மோவாப்பின் நவஹோ மணற்கல் சரிவில் பாதி ஏறிய நிலையில் இன்ஜின் நின்றால், பவர் ஸ்டியரிங் உடனே இறுகிவிடும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் ஓரிரு முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். அப்படி ஒருமுறை பின்னோக்கி நழுவி, என் மனைவியின் பக்கச் சக்கரம் பாறையின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் பிறகுதான் மாற்று வழியைத் தேடினேன்.

புரோப்பேன் அமைப்பில் மிதவை என்பதே கிடையாது. சிலிண்டரிலிருந்து திரவமாக வரும் எரிபொருள், இன்ஜின் வெற்றிடம் இருந்தால் மட்டுமே திறக்கும் பூட்டு வால்வைக் கடந்து, ரேடியேட்டர் நீரால் சூடாக்கப்படும் கன்வெர்ட்டருக்குள் நுழைகிறது. அங்கே ஆவியாகி, இரண்டு படிகளில் அழுத்தம் குறைந்து, காற்று உறிஞ்சப்படும் அளவுக்கு ஏற்ப மிக்ஸர் வழியாக இன்ஜினுக்குள் போகிறது. நான் பொருத்தியவை இம்ப்கோ நிறுவனத்தின் மாடல் இ கன்வெர்ட்டரும் 225 வகை மிக்ஸரும். கிடங்குகளில் சுமை தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டிகளின் இன்ஜின்களுக்குப் பழகிய கருவிகள் என்பதால் உதிரிப் பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. வண்டி எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் ஆவிக்கு மேல் கீழ் என்ற வேறுபாடு இல்லை. இந்த எட்டு ஆண்டுகளில் சாய்வின் காரணமாக இன்ஜின் ஒருமுறைகூட நின்றதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எரிவாயு என்றதும் வீட்டுச் சமையல் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இங்கே வாகனங்களுக்கு விற்கப்படும் எச்.டி-5 தரத்தில் குறைந்தது 90 சதவீதம் புரோப்பேன் இருக்க வேண்டும். குளிர்நாட்டில் இந்த வேறுபாடு மிக முக்கியம். பியூட்டேன் உறைபனி வெப்பநிலையிலேயே ஆவியாக மறுக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். ஜனவரியில் மைனஸ் 18 டிகிரி காலையிலும் கன்வெர்ட்டரில் தொடக்கத்துக்குச் சிறிது எரிபொருளைத் தள்ளும் பிரைமர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி உயிர்பெறுகிறது.

எரிபொருள் கலனுக்கு, படுக்கை நிலையில் திரவமாக எடுக்கும் வகையைச் சேர்ந்த இரண்டு அலுமினியப் போர்க்லிஃப்ட் சிலிண்டர்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் 33.5 பவுண்டு, அதாவது சுமார் 30 லிட்டர் கொள்ளும். வண்டியின் பின்புறம் குறுக்குவாட்டில், எஃகுச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறேன். குறுக்காக வைத்ததால் ஏற்றத்தில் திரவம் ஒரு முனைக்கு ஓடிவிடுவதில்லை. சிலிண்டரிலுள்ள குழியும் சட்டத்திலுள்ள முளையும் பொருந்தியே அமர வேண்டும். இல்லையென்றால் உறிஞ்சு குழாய் திரவத்துக்கு மேலே நின்றுவிடும், பாதுகாப்பு வால்வு திரவத்துக்குள் மூழ்கிவிடும். என் வண்டிக்குத் திறந்த துணிக்கூரை. மூடிய கூரை உள்ளவர்கள், ஆவி வெளியே போகும் குழாயுடன் கூடிய இறுக்கமான உறைக்குள்தான் சிலிண்டரை வைக்க வேண்டும். புரோப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தேங்கும். இன்னொரு சிறு பழக்கமும் தேவை. சிலிண்டர் வால்வை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் உள்ளேயுள்ள மிகைப்பாய்வுத் தடுப்பு, குழாய் அறுந்துவிட்டதாகக் கருதி மூடிக்கொள்ளும்.

விசை இழப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். புரோப்பேன் ஆவியாகவே உள்ளே நுழைவதால் காற்றுக்குரிய இடத்தில் சிறு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் இங்கே இல்லை. நெடுஞ்சாலை ஏற்றங்களில் முதல் சில வாரங்கள் இதை நன்றாக உணர்ந்தேன். தீப்பொறி எழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைத் தொடக்கத்தில் 14 டிகிரிக்கு முன்னேற்றி, மொத்த முன்னேற்றத்தை 30 டிகிரிக்குள் நிறுத்தியதும் இழந்ததில் பெரும்பகுதி திரும்பியது. கொலராடோவில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 85. அதே அளவையில் புரோப்பேனுக்கு ஏறத்தாழ 104. இந்த எண் கூடக்கூட, எரிபொருள் உரிய நேரத்துக்கு முன் தானாக வெடிப்பதால் எழும் நாக்கிங் சத்தம் குறையும். ஆகவே இந்த டைமிங்கில் அது எழுவதே இல்லை.

மலை உச்சிகளில் நிலைமை தலைகீழ். யூரேக்கும் டெல்லுரைடுக்கும் இடையிலுள்ள இமோஜீன் கணவாய் 13,114 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். காற்று மெலிந்தாலும் பெட்ரோல் திரவத்தின் அடர்த்தி மாறாததால், கார்புரேட்டர் வண்டி மேலே ஏற ஏற அளவுக்கு மிஞ்சிய எரிபொருளைக் கொடுத்துக் கரும்புகை கக்கும். புரோப்பேனோ வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டிய ஆவியாக வருவதால், காற்று மெலியும்போது அதுவும் உடன் மெலிகிறது. கலவை விகிதம் பெரிதாகக் குலைவதில்லை. விசை அங்கே குறைவுதான், ஆனால் ஐட்லிங் வீட்டு வாசலில் இருப்பதைப் போலவே சீராக இருக்கிறது. பழைய கார்புரேட்டரோடு இதே கணவாயில் திருகுளியும் கையுமாக நின்றவன் என்பதால் எனக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. இரண்டாம் ஆண்டில் தண்ணீர்ப் பம்பை மாற்றியபின், கூலன்ட் குழாயில் சிக்கிய காற்றை நான் முழுமையாக வெளியேற்றவில்லை. ஜூலை மாத நடுப்பகலில் ஏற்றம் ஒன்றில் இன்ஜின் தள்ளாடி நின்றது; இன்ஜின் மூடியைத் திறந்தால் கன்வெர்ட்டர் முழுவதும் வெண்பனி படர்ந்திருந்தது. ஆவியாவதற்கு வெப்பம் கிடைக்காமல் அது உறைந்துபோயிருந்தது. கன்வெர்ட்டரை ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்திய பின் அந்தச் சிக்கல் மீண்டும் வரவில்லை. நான்காம் ஆண்டில் பழைய ஸ்பார்க் பிளக் வயர் ஒன்று மின்சாரத்தைக் கசியவிட, தீ பின்னோக்கிப் பாயும் பேக்ஃபயர் அடித்து மிக்ஸரின் டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு கிழிந்தது. புரோப்பேனைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி வேண்டும். எனவே வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் இப்போது தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன். பிளக் இடைவெளியையும் 0.7 மில்லிமீட்டராகக் குறைத்திருக்கிறேன்.

அச்சமூட்டிய நிகழ்ச்சி ஒன்றுதான். ஒரு நிரப்பு நிலையத்தில் பணியாளர் 80 சதவீத அளவைக் காட்டும் சிறு திருகைத் திறந்து பார்க்காமலேயே சிலிண்டரை நிரப்பிவிட்டார். நானும் கவனிக்கத் தவறினேன். திரவப் புரோப்பேன் சூடேறும்போது நீரைவிடப் பல மடங்கு விரிவடையும். அந்த விரிவுக்காகத்தான் மேலே 20 சதவீத இடம் காலியாக விடப்படுகிறது. மோவாப் வெயிலில் நின்ற வண்டியில் பாதுகாப்பு வால்வு பெரும் சீற்றத்துடன் திறந்து, வெண்புகையாக வாயு வெளியேறியது. எல்லோரையும் காற்று வீசிவந்த திசைக்கு விலக்கி, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தோம். அன்றுமுதல், திருகிலிருந்து வெண்ணிறத் துளி தெறிப்பதை என் கண்ணால் பார்த்த பிறகே பம்பை நிறுத்தச் சொல்கிறேன்.

இன்ஜினின் உட்புறத்துக்குக் கிடைத்த நன்மையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பெட்ரோலைப் போலச் சிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள ஆயிலைக் கழுவி இறக்கும் திரவம் இல்லாததால், 5,000 கிலோமீட்டர் கடந்தும் ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது. உலர்ந்த எரிபொருளால் வால்வு வந்து அமரும் வளையமான வால்வு சீட் தேயும் என்று பலர் எச்சரித்ததால் ஆண்டுதோறும் இன்ஜின் சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளக்கிறேன். இதுவரை ஆறு சிலிண்டர்களிலும் குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. கன்வெர்ட்டரின் அடியில் மட்டும் எரிவாயுவோடு வரும் பிசுபிசுப்பான எண்ணெய்க் கசடு சேரும். வருடத்துக்கு ஒருமுறை, இன்ஜின் சூடாக இருக்கும்போது அடித்திருகைக் கழற்றி வடித்துவிட வேண்டும்.

சட்டத்தை மறந்து இதில் இறங்கக் கூடாது. அமெரிக்க நடுவண் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் திருத்திய விதிகள், மாற்று எரிபொருளுக்கு மாறும் வாகனங்களை வயதைப் பொறுத்து மூன்றாகப் பிரிக்கின்றன. கலிபோர்னியாவில் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் பெற்ற கருவித் தொகுப்பு கட்டாயம். கருவிகளை வாங்கும் முன்பே உங்கள் மாநிலத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கேலன் புரோப்பேனில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. முன்பு சாலையில் லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 4.8 கொடுக்கிறது, பாறைத் தடங்களில் அதில் பாதி. கேலன் விலை குறைவாக இருந்தாலும் என் கணக்குப் புத்தகத்தில் மிச்சம் என்று எதுவும் நிற்கவில்லை. இரண்டு சிலிண்டர்களும் நிறைந்திருந்தால் சாலையில் 290 கிலோமீட்டர் போகலாம். மோவாப்புக்குச் செல்லவே ஒரு வழி சுமார் 180 கிலோமீட்டர் என்பதால் அங்கே மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும். எரிவாயு விற்பனையாளர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பவர்கள். படுக்கை நிலைச் சிலிண்டரை நிரப்பத் தெரிந்த பணியாளர் எல்லா இடத்திலும் இருப்பதும் இல்லை. ஆகவே சனிக்கிழமை காலை ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் தடத்துக்குப் போகாமல் முதலில் நிரப்பு நிலையத்துக்குப் போகிறேன்; நிறைந்த மூன்றாவது சிலிண்டர் ஒன்றைக் கூடவே வந்த நண்பரின் திறந்த டிரக்கில் கட்டி வைக்கிறேன்.